சேராங்கொட்டையும் மூலிகைதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோல் அலர்ஜிக்கான மூலிகை வைத்தியம் பற்றிய தங்கள் கட்டுரையில் ‘பக்கவிளைவே கிடையாது’ என்று ஒரு வரி. சித்த மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அதுதான் உறுத்தியது.

எங்கள் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் கைகளைப் பாருங்கள். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் ஓட்டு எண்ணெய் விரலிடுக்கில் இறங்கித் தோலைக் கறுக்கவைத்து உரித்துவிடும். அது வெறும் எரிச்சல் புண். சிலருக்கு மட்டும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ, எண்ணெய் படாத இடத்திலும் அரித்துக் கொப்புளிக்கும். அதுதான் அலர்ஜி. உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் அந்த எண்ணெயை ஒருமுறை எதிரியாகக் குறித்துக்கொண்டால், அப்புறம் துளி பட்டாலும் விடாது.

முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் சேராங்கொட்டையும். அந்தக் காலத்தில் வெளுக்கப்போட்ட துணிக்கு அதன் சாற்றில்தான் குறி போடுவார்கள். குறி உரசிய பிடரியில் மட்டும் புண் வந்தவர்கள் உண்டு. அதே கொட்டையைச் சித்த மருத்துவம் சுத்தி செய்து, அதாவது நஞ்சை முறித்து, அளவு பார்த்து மருந்தாக்குகிறது. பக்கவிளைவு இல்லையென்றால் சுத்தி எதற்கு?

காணாக்கடி வேறு. அது உடம்பிலேயே ஊறும் ஹிஸ்டமின் என்ற பொருள் செய்யும் வேலை; சட்டென்று தடித்து, பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானே அடங்கும். அருகம்புல், மிளகு, வெற்றிலைக் கஷாயம் குடித்தவர் கஷாயத்தைப் புகழ்வார். புகழட்டும். ஆனால் நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் அடுப்படிக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நீர் வடிகிற கரப்பானில் குப்பைமேனியை உப்போடு அரைத்து அப்புவதும் வேண்டாத வேலை. சில மூலிகைச் சத்துகள் ஹிஸ்டமின் வெளிவருவதைக் குறைப்பது ஆய்வகத்தில் தெரிந்ததுதான். கண்ணாடிக் கிண்ணத்தில் நடந்ததெல்லாம் தோலிலும் நடந்துவிடாது.

அதைவிட எனக்குப் பயம், பேருந்து நிலையத்தில் விற்கிற பெயரில்லாத டப்பாக்கள். நாள்பட்ட படை இரண்டே நாளில் மறைந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். மூலிகைக் களிம்பு என்று விற்றவற்றில் ஸ்டீராய்டு என்ற வீரியமான ஆங்கில மருந்து கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. சித்த மருந்தானாலும் லேபிளில் உரிம எண், சேர்மானம், தயாரித்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். எதற்கு அலர்ஜி என்று தெரியாதவர்கள் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் கேட்டால், முதுகில் 48 மணி நேரம் பொருள்களை ஒட்டி வைத்துப் பார்க்கும் சோதனை உண்டு.

இதையெல்லாம் அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். முந்திரி உடைக்கும் இடங்களில் கையுறை கொடுக்கிறார்களா என்று உங்கள் நிருபர் ஒருநடை வந்து பார்த்தாலும் நல்லது.

ஓய்வுபெற்ற சித்த மருந்தாளுநர்,
காடாம்புலியூர், கடலூர் மாவட்டம்.