குறிப்பைச் சொல்லிலிருந்து பிரிக்காதீர்கள்

கூட்டு ஆவணங்களில் கருத்து எழுதும் மென்பொருளை உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். மொழிபெயர்ப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. நாள் முழுக்க என் கண் ஆவணத்தைவிட அதன் ஓரத்தில்தான் அதிகம் இருக்கும். நீங்கள் செய்து தந்த அந்தச் சின்னக் கருத்துப் பெட்டிகளுக்குள்தான் எங்கள் பேச்சு, சண்டை, முடிவு எல்லாம் நடக்கிறது.

போன ஆண்டு நாங்கள் மூன்று பேர் ஒரு நீண்ட கையேட்டைச் சரிபார்த்தோம். ஒரு கலைச்சொல்லை ஏன் அப்படி வைத்தோம் என்று பதினோரு பதில்கள் வரை நீண்ட உரையாடல் ஒன்று ஓரத்தில் இருந்தது. எங்களில் ஒருவர் அந்தப் பத்தியை வெட்டி, இரண்டு பக்கம் தள்ளி ஒட்டினார். பத்தி போய்ச் சேர்ந்தது, உரையாடல் கூடப் போகவில்லை. பழைய இடத்தில் சொல் இல்லாததால் திரையிலிருந்தே மறைந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துப் புதிதாக வந்தவர் அந்தச் சொல்லை மாற்றினார். அவர் மேல் தப்பே இல்லை. மாற்றக்கூடாது என்பதற்கான காரணம் அவர் கண்ணில் படவே இல்லை. நாங்கள் மறுபடி முதலிலிருந்து வாதாடினோம்.

ஒரு கருத்து எதைப் பிடித்துத் தொங்குகிறது என்பதுதான் இங்கே எல்லாம். 'இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது எழுத்துவரை' என்று எண்ணை மட்டும் குறித்துவைத்தால், மேலே ஒரு வரி சேர்ந்ததும் கருத்து பக்கத்துச் சொல்லில் போய் உட்காரும். ஒரே கருவிக்குள் எழுதும்வரை அந்த எண்களை நீங்கள் உடனுக்குடன் நகர்த்திக் கொடுக்கிறீர்கள், அது தெரியும். வெட்டி ஒட்டும்போதும், கோப்பை இறக்கி வேறு கருவியில் திறக்கும்போதும்தான் பிடி நழுவுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 பிப்ரவரியில் வெளியிட்ட, குறிப்புகளை எப்படிப் பதிந்துவைப்பது என்று சொல்லும் 'வலைக் குறிப்புத் தரவு மாதிரி' என்ற தரம், எண்ணோடு சேர்த்துச் சுட்டிய சொற்றொடரையும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில சொற்களையும் பதிந்துவைக்க இடம் தருகிறது. இடம் மாறினாலும் அந்தச் சொற்களைத் தேடிக் குறிப்பை மறுபடி பொருத்தலாம். நம் பழைய உரையாசிரியர்கள் பலர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதானே. மூலத்தின் சொல்லை எடுத்து எழுதிவிட்டுத்தான் அதற்குப் பொருள் சொன்னார்கள். ஏட்டை யார் எங்கே படியெடுத்தாலும் எந்த உரை எந்தச் சொல்லுக்கு என்று கண்டுபிடிக்க வழி இருந்தது.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 'மொழி' என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் 4 குறியீடுகள். ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து வைத்தால் 5. இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. ஆனால் ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத கருவிக்கு இவை வேறு வேறு சொற்கள். தேடும், கிடைக்காது, கருத்து அநாதையாகும். கருத்தின் தொடக்கம் மெய்க்கும் அதன் உயிர்க்குறிக்கும் நடுவே விழுந்து, மேற்கோளின் முதலில் புள்ளிவட்டத்தோடு ஒரு கால் மட்டும் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனம் நோகும். தயவுசெய்து முழு எழுத்தின் எல்லையில் மட்டும் தேர்வைத் தொடங்கி முடியுங்கள்.

அப்புறம், 'முடிந்தது' பட்டன். ஒருவர் தட்டியதும் மொத்த உரையாடலும் மடிந்துபோகிறது. என்ன முடிவு, ஏன் என்று அந்த இடத்தில் ஒரு வரி கேட்டு வாங்கினால் போதும். பின்னால் வருபவருக்கு அந்த ஒரு வரியே பதில்.

2006இல், மென்பொருளை யாரும் மாற்றிப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வரைவைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை எல்லோர் முன்னும் வைத்தபோது, ஸ்டெட் என்ற கருவியில் கருத்து வாங்கினார்கள். விரும்பிய சொற்றொடரைத் தேர்ந்து எழுதலாம். ஒரே இடத்தில் கருத்துகள் கூடக் கூட அங்கே நிறம் அடர்த்தியாகும். வாதம் எங்கே கொதிக்கிறது என்பதை மூலத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கு இன்றைக்கும் அது பிடித்த யோசனை. ஓரத்தில் இருபது பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எல்லாக் கருத்தையும் மறுபடி பொருத்த முடியாது, சரி. சொல்லே அழிந்திருக்கலாம். அப்போதும் கருத்தை மறைக்காதீர்கள். எந்த வரியின் மேல் எழுதப்பட்டதோ அந்தப் பழைய வரியோடு சேர்த்து ஒரு தனிப் பட்டியலில் வையுங்கள், ஆவணத்தைத் திறப்பவர் கண்ணில் படும்படி. கோப்பை இறக்கும்போது அந்தப் பட்டியலும் கூட வரட்டும்.

சோதித்துப் பார்க்கத் தமிழ் ஆவணங்கள் தேவைப்பட்டால் தொகுத்துத் தர நான் தயார். ஒகரமும் ஓகாரமும் இரண்டு வடிவத்திலும் கலந்து கிடக்கும் கோப்புகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு சரிபார்ப்பாளர்