கயிற்றின் மறுமுனையைப் பிடித்த அக்காவுக்கு

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத் திருவிழாவில் 5 கி.மீ. பிரிவில் ஓடினேன். பாதி வழியில் என் வழிகாட்டிக்குக் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டது. எனக்குப் பார்வை கிடையாது; ஒரு சிறு கயிற்றின் ஒரு முனையை நானும் மறுமுனையை வழிகாட்டியும் பிடித்துக்கொண்டுதான் ஓடுவோம். அவர் நின்றால் நானும் நிற்க வேண்டியதுதான். அப்போது "நான் வரட்டுமா?" என்று கேட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டீர்கள், அக்கா. பெயர் கேட்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டீர்கள்.

உதவ வருகிறவர்கள் பலர் கையைப் பிடித்து இழுப்பார்கள். நீங்கள் இழுக்கவில்லை. கயிறு தொய்வாகவே இருந்தது; உங்கள் கைவீச்சு என் கைவீச்சோடு ஒத்துப்போனது. "இடப்பக்கம் வளைவு", "வேகத்தடை வருது... மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று முன்கூட்டியே சொன்னீர்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் முந்தியபோதும் சொன்னீர்கள். (அவர் மணியடித்த வேகத்துக்கு நானே ஒதுங்கியிருப்பேன், அது வேறு விஷயம்.)

அப்புறம் முடிவுக்கோடு. பாரா தடகளத்தில், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தடகளப் போட்டிகளில், வழிகாட்டி, ஓடுபவருக்கு முன்னால் கோட்டைத் தாண்டக் கூடாது. நம் ஓட்டத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஆனாலும் அரை அடி பின்தங்கி என்னை முன்னால் விட்டீர்கள்.

உங்கள் ஓட்ட நேரம் என்னால் கெட்டது என்றதற்கு "அட, விடுங்க" என்றீர்கள். மிக்க நன்றி, அக்கா. என் வழிகாட்டி இப்போது நலம். அடுத்த ஓட்டத்துக்கு வந்தால் ஒரு குரல் கொடுங்கள், கண்டுபிடித்துவிடுவேன்.