மாடிக்கு ஏன் ஏறினான்?

காரைக்குடி

அன்புள்ள அண்ணாமலைக்கு,

நலம், நலமறிய ஆவல். அப்பத்தாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது செய்தித்தாளைத் தாமே எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. உன் கடிதம் வந்து பல மாதங்கள் ஆகியும் பதில் எழுதாமல் இருந்தவன் இன்று பேனாவை எடுத்ததற்குக் காரணம், நேற்று இரவு தொலைக்காட்சியில் பார்த்த ஒரு படம்.

"ஒருவன் இருபது பேரைப் பறக்கவிடும் சண்டைப் படத்தில் போய் நியாயம் தேடுகிறாயே" என்று நீ பள்ளிக் காலத்திலிருந்தே என்னை மடக்குவாய். அதற்குரிய விடை எனக்கு நேற்றுக் கிடைத்துவிட்டது.

படத்தின் பெயர் வேண்டாம். கதை நடப்பது நம் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றில். நாயகனும் அவன் தங்கையும் நடுமுற்றமுள்ள வளவில் நிற்கிறார்கள். அடியாட்கள் நிலைக்கதவை உடைத்துக்கொண்டு முகப்பு வழியாக வருகிறார்கள். நம் வீடுகள் எப்படியிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பில் நின்று பார்த்தாலே வளவையும் இரண்டாம் கட்டையும் அடுப்படியையும் தாண்டிப் பின்வாசல் நேர்கோட்டில் தெரியும்; அதைக் கடந்தால் அடுத்த தெரு. கேமராவும் அதை மறைக்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பின்வாசல் திறந்தே கிடந்தது, தெருவில் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதுகூடத் தெரிந்தது. அவனோ தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இறங்க வேறு படியே இல்லாத மாடிக்கு ஏறுகிறான்!

அதற்குப் பிறகு நடந்த சண்டை சாதாரணமானதன்று. ஓட்டுச் சரிவில் ஒருவர் முதுகால் சறுக்கி வந்து, விளிம்பில் ஒரு கையால் தொங்கி, முற்றத்துக் கல்லில் விழுகிறார். கயிறு கட்டியிருந்தாலும் விழுந்தது உண்மையான உடம்பு. ஆனால் எனக்குத் துளிகூடப் பதற்றம் வரவில்லை. அந்தப் பின்வாசலே கண்ணுக்குள் நின்றது.

ஒருவன் இருபது பேரை அடிப்பது அந்தக் கதையுலகின் வழக்கம். அதற்கு முதல் சண்டையிலேயே நம்மிடம் சம்மதம் வாங்கிவிடுகிறார்கள், நானும் மனமாரக் கொடுத்துவிடுகிறேன். மாடிக்கு ஏறுவது அப்படியன்று, அது அவன் எடுக்கும் முடிவு. எங்கே நிற்பது, கைக்கு எட்டுவதில் எதை எடுப்பது, எப்போது ஓடுவது என்று முடிவுக்குமேல் முடிவாகத்தானே எந்தச் சண்டையும் நகர்கிறது? இவனுக்கு வேறு வழியில்லை என்று நாமும் நம்பினால்தான் வயிற்றைக் கலக்கும்.

2019இல் வந்த 'கைதி'யை எடுத்துக்கொள். முகம் பார்த்திராத மகளைப் பார்க்கப் போகிறவன் எதற்காக மயங்கிக் கிடக்கும் காவலர்களை லாரியில் ஏற்றி ஓட்ட வேண்டும்? உடனிருக்கும் காவல் அதிகாரிக்குக் கையில் அடி, அவரால் ஓட்ட முடியாது. மகளிடம் போய்ச் சேரும் வழியோ அவர் கையில் இருக்கிறது. அந்த முடிச்சு இறுகியிருப்பதால்தான் பிறகு நடப்பதில் எவ்வளவு மிகை இருந்தாலும் நாம் லாரியை விட்டு இறங்குவதில்லை. 1988இன் 'டை ஹார்ட்' இன்னும் நுட்பமானது. விமானத்தில் உடன் வந்தவர் சொன்ன யோசனைப்படி நாயகன் காலணியைக் கழற்றியிருக்கும் நேரத்தில் கொள்ளைக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். அவன் வெறுங்காலோடு இருப்பதைக் கவனித்த வில்லன், கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். இரு பக்கமும் புத்தி வேலை செய்கிறது. அவன் கண்ணாடித் துண்டுகளின்மேல் ஓடும்போது என் பாதம் கூசியது.

உடனே நீ, மனிதர்கள் தப்பான முடிவே எடுக்கக் கூடாதா என்பாய். தாராளமாக எடுக்கலாம், ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. வெளியேறும் வழி தெரியாமல் அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போகவில்லையா? அர்ச்சுனனைச் சம்சப்தகர்கள் என்ற சபத வீரர்கள் வேறு பக்கம் இழுத்துப் போய்விட்டார்கள், தருமர் கேட்கிறார், பின்னாலேயே வருகிறோம் என்று பெரியப்பன்மார் வாக்குக் கொடுக்கிறார்கள், கௌரவர் பக்கத்துச் சயத்ரதன் அவர்களை வாயிலிலேயே மறித்துவிடுகிறான். போகாதே என்று மனம் கதறினாலும், அவன் போகத்தான் செய்வான் என்று நமக்குத் தெரிகிறது. அந்தத் தப்பு அபிமன்யுவுடையது. நேற்றைய தப்பு நாயகனுடையதன்று, மாடியில் சண்டை வேண்டுமென்று முன்பே தீர்மானித்துவிட்ட இயக்குநருடையது. தங்கை மாடியில் எதையோ விட்டுவிட்டாள் என்று ஒரு வரி வசனம் வைத்திருந்தால், அல்லது பின்வாசலில் நாலு ஆளை நிறுத்தியிருந்தால் போதும், நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

எனக்கு உண்மையில் ஆற்றாமை அந்த ஓட்டிலிருந்து விழுந்தவரை நினைத்துத்தான். 2016ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில்தான் சண்டை அமைப்புக்கென்று ஒரு விருது வந்து, 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெயின் பெற்றார். ஆஸ்கரோ 2027ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தரப்போகிறது. இவ்வளவு தாமதமாக மதிப்புப் பெறுகிறவர்கள் எலும்பைப் பணயம் வைத்து உழைத்ததை, எழுத்து மேசையில் கால்மணி நேரம் யோசிக்காதவர்கள் வீணடிப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிறாய் என்று ஆச்சி சொன்னார்கள். ஒருநாள் கூடுதலாகத் தங்கு. படத்தை இருவரும் சேர்ந்து பார்ப்போம். அதற்குமுன் உன் மறுப்பை எழுது, மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார் என்ற பழைய பதில் மட்டும் செல்லாது.

அன்புடன்,
சொக்கு