யூரியாக்காரருக்கும் ஓர் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வெளியான ‘உலக வரலாற்றை மாற்றிய பத்துப் பேர்’ கட்டுரையை வாசித்தேன். புத்தர், இயேசு, நபிகள் நாயகம் ஆகியோரின் இடத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. நியூட்டனும் இருக்கட்டும். ஆனால் அலெக்சாந்தர், செங்கிஸ்கான், நெப்போலியன் என்று வாள் பிடித்தவர்களுக்கு வரிசையாகக் கதிரை போட்ட கட்டுரையாளர், காற்றிலிருந்து யூரியாவுக்கு வழி திறந்த பிரிட்ஸ் ஹாபர், கார்ல் பொஷ் என்ற இரண்டு ஜேர்மானியருக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைவிக்கிறவன் இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது.

ஒருவருடைய செல்வாக்கை அளக்க என்னிடம் ஒரு வழி உண்டு. அவர் செய்து வைத்ததை ஒரே ஒரு போகத்துக்கு இல்லாமல் ஆக்கிப் பார்க்க வேண்டும். நெப்போலியன் இல்லாவிட்டால் எங்கள் முரசுமோட்டையில் ஒரு வரம்பும் உடையப் போவதில்லை. ஹாபர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் 2021இல் கண்ணால் கண்டோம். இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்த ஆண்டு அது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். ஆனால் மாரி மழையை நம்பிச் செய்யும் காலபோகத்தின் விதைப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. என் வயலில் பயிர் மட்டம் வெடிக்கவில்லை, அதாவது அடியிலிருந்து பக்கக் கிளைகள் விடவில்லை. அடி இலைகள் நுனியிலிருந்து மஞ்சளித்து, நடு நரம்பு வழியாகக் கீழே இறங்கிக் காய்ந்தன. சேதனப் பசளை என்று தந்ததையும் போட்டோம், மாட்டெருவும் போட்டோம். கதிர் தண்டுக்குள் திரளும் குடலைப் பருவத்தில் அது விரலளவுக்குத்தான் வந்தது. வெட்டியபோது வழக்கமான விளைச்சலில் பாதிகூடத் தேறவில்லை. தேறியதிலும் அரிசி பிடிக்காத சப்பி நெல் அதிகம்.

காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைதரசன்தான். ஆனாலும் நெல் அதை நேரே எடுத்துக்கொள்ளாது. ஹாபருக்கு முன் ஐரோப்பியர் நைதரசனுக்காகப் பெரு நாட்டுத் தீவுகளில் கடற்பறவை எச்சத்தை அள்ளினார்கள். சிலியின் பாலைவனத்தில் வெடியுப்பைத் தோண்டிக் கப்பலில் ஏற்றினார்கள். 1909இல் ஹாபர் காற்றின் நைதரசனை ஐதரசனோடு சேர்த்து, பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் அமோனியாவாக்கிக் காட்டினார். ஆய்வுகூடத்தில் சொட்டுச் சொட்டாக வந்ததைப் பொஷ் 1913இல் ஒப்பாவ் என்ற ஊரில் தொழிற்சாலையாக எழுப்பினார். அந்த அமோனியாவிலிருந்துதான் யூரியா. ஐம்பது கிலோ மூடை ஒன்றில் இருபத்து மூன்று கிலோ நைதரசன் இருக்கிறது. இன்று உலகில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த வழியில் வந்த பசளையால் விளைந்ததை உண்டுதான் உயிர் வாழ்கிறார்கள் என்பது அறிஞர்களின் கணக்கு. எந்தச் சக்கரவர்த்தி இத்தனை வயிற்றைத் தொட்டான்?

நல்லவர் என்பதற்காக நான் ஹாபருக்கு இடம் கேட்கவில்லை. அதே அமோனியாதான் முதலாம் உலகப் போரில் ஜேர்மனிக்கு வெடிமருந்தும் ஆனது. 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட வேலைக்கு முன்னின்றவரும் அவரே. சில நாட்களில், தானும் இரசாயனவியலாளரான அவருடைய மனைவி கிளாரா தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அப்படிப்பட்டவருக்கு 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. யூதராகப் பிறந்தவர் என்பதால் 1933இல் நாட்டைவிட்டுப் போனார்; அடுத்த ஆண்டே சுவிற்சர்லாந்தில் இறந்தார்.

பசளையும் வெடிமருந்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதை வன்னியில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் போரின்போது அரசு போட்ட பொருளாதாரத் தடையில் இங்கே வரக்கூடாத பொருட்களில் யூரியாவும் ஒன்று. குழை வெட்டித் தாழ்த்தினோம், வயலில் மாட்டுப்பட்டி அடைத்தோம். மொட்டைக்கறுப்பன் என்ற பழைய நெல்லினம் யூரியா இல்லாமலும் விளையும் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. விளையும், மறுக்கவில்லை, ஏக்கருக்கு எத்தனை மூடை என்றும் அவர்களே சொல்லட்டும். மறுபக்கம், யாழ்ப்பாணக் கிணறுகளில் பசளையிலிருந்து கரைந்த நைத்திரேற்று ஏறிக் கிடப்பதும் இந்த இருவரின் கணக்கில்தான் வரும். செல்வாக்கு என்றால் இரண்டையும் சேர்த்துத்தானே எழுத வேண்டும்?

இன்னும் ஓர் இடம் காலியானால் ரொனால்ட் ரொஸ்ஸைப் போடுங்கள். 1897இல் செகந்திராபாத்தில் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். காய்ச்சலுக்குப் பயந்து ஆட்கள் குடியேறத் தயங்கிய வன்னிக்கு அவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

தங்கள் கட்டுரையை என் பேத்தி வெட்டியெடுத்துப் பேச்சுப்போட்டிக்கு மனனம் செய்கிறாள். காலபோகம் தொடங்குமுன் ஹாபரைப் பற்றி அரைப்பக்கமாவது வெளியிட்டால் அவளிடம் கொடுப்பேன். படம் போடுவதானால் பொஷ்ஷை மறந்துவிடாதீர்கள். அவர் தொழிற்சாலை கட்டியிராவிட்டால் ஹாபரின் அமோனியா மேசையைத் தாண்டி வந்திருக்காது.

இப்படிக்கு,
கமக்காரன் ஒருவன்,
முரசுமோட்டை, கிளிநொச்சி.