யாரும் பாக்காட்டியும் வளர்ற புல்லு

தம்பி,

நீ உங்கம்மாவுக்கு அனுப்பின மெசேஜ நானும் பாத்தேன். எனக்கே அனுப்பியிருக்கலாம், சரி போகட்டும். "யாரும் பாத்துக்கலன்னாலும் தாங்கற புல்லு எதுன்னு அப்பாவ கேட்டு சொல்லு"ன்னு ஒத்த வரி, அதுவும் மூணு வாரம் கழிச்சு. குட்டி எப்படி இருக்கான், எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு அவ திருப்பி கேட்டதுக்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டுட்டு போயிட்ட.

யாரும் பாத்துக்கலன்னா என்னடா அர்த்தம், தோட்டம் மொத்தமும் மருமக கைல தானே இருந்துச்சு. சரி, புல்லுக்கு வரேன்.

பெர்முடா பெர்முடான்னு சொல்றாங்களே, அது நம்ம அருகம்புல்லு தான், பேர பாத்து மிரளாத. மிதி தாங்கும், வெயில் தாங்கும், கொஞ்ச நாள் தண்ணி காட்டலன்னாலும் சாகாது. மண்ணுக்கு மேல கொடி ஓடும், கீழயும் தண்டு ஓடும், அதனால குட்டி ஒரே இடத்துல குதிச்சு குதிச்சு மொட்டையாக்கினாலும் பக்கத்துல இருக்கறது வந்து மூடிக்கும். ஆல்போல் தழைச்சு அருகுபோல் வேரோடின்னு உங்க ரெண்டு பேரையும் எத்தன பேர் வாழ்த்தினாங்க, அருக தோண்டி பாத்தவன் எவனோ தான் அந்த வார்த்தைய சொல்லியிருக்கணும். ஆனா ஒண்ணு, ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேணும் அதுக்கு. 8 இருந்தா இன்னும் நல்லது. நிழல்ல போட்டா நூல் நூலா நீண்டு, இளைச்சு, சொல்லாம கொள்ளாம காணாம போயிடும். அப்புறம் பூச்செடி பாத்திக்குள்ளயும் பூந்துடும், அவ வச்ச செடி ஓரமா நல்லா ஆழமா தடுப்பு குடு.

நிழல்னா கார்பெட் கிராஸ். இலை அகலம், தாழவே வளரும், வெட்டற வேலை கம்மி. ஆனா மண்ணு காஞ்சா மொத ஆளா வாடும்.

கொரியன் கிராஸ் வேண்டாம்னு தான் சொல்லுவேன். பாக்க மெத்த மாதிரி இருக்கும், மெதுவா வளர்றதால அடிக்கடி வெட்ட வேண்டியதும் இல்ல. அந்த மெதுவே தான் வம்பு. நாத்தா நட்டா இடைவெளி மூடறதுக்கு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கூட ஆகும், பிஞ்சா சீக்கிரம் ஆறாது. பையன் ஓடற இடத்துக்கு சரிப்படாது.

எத போட்டாலும் மொதல்ல கோரைய எடு. கோரைய எடுக்காம புல்லு போடாத. மேல பிடுங்கினா போயிடுச்சுன்னு தோணும், கீழ கருப்பு மணி மாதிரி கிழங்கு ஒண்ணோட ஒண்ணு நூல் கோத்த மாதிரி இருக்கும், ஒரு மணி விட்டுப்போனா போதும் திரும்ப முளைக்கும். மம்முட்டில வெட்டாத, கிழங்கு சிதறும், தோட்டத்து முள்கரண்டியால கெளறி கையால பொறுக்கு. உனக்கு அந்த பொறுமை உண்டு, ஒன்பதாவது படிக்கறப்ப யாரும் தொடாத அந்த பம்ப பிரிச்சு ஓடவிட்டவன் நீ, இன்னிக்கும் பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கேன். போன் எடுக்கத்தான் உனக்கு கை வராது.

தானா வளரும்னு நினைக்காத. நட்ட மொத ரெண்டு வாரம் மேல்மண்ணு காயவே கூடாது, அப்ப யாராவது வீட்ல இருந்தே ஆகணும். வேர் பிடிச்சதும் நாள் விட்டு நாள், அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ ஆழமா விடு, வாரத்துக்கு மொத்தம் 25 மில்லிமீட்டர் போதும். காலி டப்பா ஒண்ண நடுவுல வச்சு அளந்துக்கோ. தினமும் மேலாப்புல தெளிச்சா வேர் மேலயே நின்னுடும். வெட்டும்போது உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காத, வெட்டினத அங்கயே விட்டா அதுவே எரு. கடுங்குளிர் வந்தா அருகு மொத்தமும் பழுப்பாயிடும், செத்துப்போச்சுன்னு அவசரப்பட்டு பிடுங்கி எறிஞ்சிடாத, வெயில் திரும்பினா துளிர்க்கும்.

நம்ம வீட்டு புல்லுக்கு தினமும் மேலாப்புல தெளிச்சது யாருன்னு உனக்கு தெரியும். நான் தான். அந்த புல்ல சுத்தி நான் கட்டின நீல நைலான் கயிற மறந்திருக்க மாட்ட. பந்து எடுக்க கயிற தாண்டினன்னு உன் கூட்டாளிங்க எதிர்ல தண்ணி ட்யூபால அடிச்சேனே, ஏழாவது படிச்சிட்டிருந்த நீ, கால்ல ரெண்டு கோடு. அதுக்கப்புறம் ஒரு பையனும் நம்ம வாசப்படி ஏறல. உங்கம்மா பத்து நாள் என்னோட பேசல. நான் போய் தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கு சாயங்காலமே முடிஞ்சிருக்கும், புல்லுக்கு தண்ணி விடற மாதிரி வெளியவே நின்னேன். பத்து நாளும் நின்னேன்டா, ரெண்டு வேளையும். கடைசில அவளே தான் வந்து பேசினா. எல்லா தடவையும் அவளே தான் வந்திருக்கா, நான் ஒரு தடவ கூட போனதில்ல. இத உன்கிட்ட எழுதணும்னு உக்காரல, கை எழுதிடுச்சு. அந்த புல்லும் நிக்கல, அடுத்த கோடைல ஒரு வாரம் ஊர்ல இல்லாம போனோம், வந்து பாத்தா வைக்கோல்.

கயிறு மட்டும் கட்டாத. குட்டி மிதிக்கட்டும், மிதி தாங்கத்தானே அருகு.

இன்னும் எந்த புல்லுன்னு நான் முடிவா சொல்லல. பின்பக்க மரத்துக்கு கீழ காலைல எத்தன மணி வெயில், சாயங்காலம் எவ்வளவுன்னு தெரிஞ்சா தான் சொல்ல முடியும். உனக்கு அது தெரியாது, நீ அந்த நேரத்துல வீட்ல இருந்ததே இல்ல. மருமகளுக்கு தெரியும். எங்க இருந்தாலும் போன் பண்ணி அவகிட்ட கேளு. அப்பா கேக்க சொன்னார்னே சொல்லு. கேட்டுட்டு எனக்கு எழுது, அதுவரைக்கும் எந்த புல்லும் வாங்காத.

அப்பா