வேலூர் தோட்டப்பாளையம் பல் லேப் அண்ணாவுக்கும் மற்றவர்களுக்கும்

நேற்று மாலை, என் ஆய்வுக்காகச் செய்த நுண்துளைச் சிலிக்கா படலத்தின் எக்ஸ்-கதிர் வரைபடம் வந்தது. சின்னக் கோணத்தில் அந்த ஒற்றை உச்சி நிமிர்ந்து நிற்கிறது. அதாவது, படலத்துக்குள் துளைகளின் வரிசை கலையவில்லை. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், பாதி ராத்திரியில் என் புலம்பலைக் கேட்டவர்கள்தானே. நேராக நன்றிக்கு வருகிறேன்.

எங்கள் ஆய்வக உலை கைவிட்டபின் யாரோ சொல்லித்தான் தோட்டப்பாளையத்தில் செயற்கைப் பல் செய்யும் லேபுக்குப் போனேன். கையில் 12 கண்ணாடிச் சில்லுகள், மேலே சில நூறு நானோமீட்டர் தடிமனில் சிலிக்கா படலம். நிமிஷத்துக்கு 1 டிகிரி வீதம் சூடேறி, 400 டிகிரியில் 4 மணி நேரம் நிற்க வேண்டும். அவசரப்பட்டால் கோடைப் பாலாற்று வண்டல் மாதிரி வெடித்துவிடும்.

"உள்ள இன்னாமா இருக்கு?" என்றார் லேப் அண்ணா. சோப்பு மாதிரி ஒரு பொருள், அதைச் சுற்றி சிலிக்கா இறுகியிருக்கிறது, எரித்தால் சோப்பு போய்த் துளை மட்டும் மிஞ்சும் என்றேன்.

"அட, நாங்க மெழுகுப் பல்லை அச்சுக்குள்ள வெச்சி எரிக்கிற மாதிரி. மெழுகு போனா பள்ளம் நிக்கும், அதுல உலோகம் ஊத்துவோம். உங்களுது பொடிப் பள்ளம், அவ்ளோதான?"

அவ்வளவுதான். 1992இல் மொபில் எண்ணெய் நிறுவன ஆய்வாளர்கள் எம்சிஎம்-41 என்ற நுண்துளைச் சிலிக்காவை அறிவித்தபோதும் அடிப்படை இதுதான்; அதில் 1 கிராம் தூளுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு. ஒரு செமினாரிலும் நான் இப்படிப் புரியவைத்ததில்லை.

அப்புறம், நான் கேட்காமலே வெறும் உலையை ஒருமுறை 900 டிகிரிவரை ஓட்டினார், பழைய மெழுகுக் கரி என் படலத்தில் ஒட்டக் கூடாதாம். எனக்கு அது தோன்றவே இல்லை! மறுநாள் தர வேண்டிய இரண்டு பல் கேப் (பல்லுறை) வேலையைத் தள்ளிவைத்தார். கரண்ட் போய்விடுமோ என்று ராத்திரி பெஞ்சிலேயே படுத்துக்கொண்டார். சூடு ஏறவே 6 மணி நேரத்துக்கு மேல். காலையில் கதவில் கை வைக்கப்போன என்னைத் தடுத்தார்: "தானா ஆறட்டும்மா. பீங்கான் பல்லே சூட்டுல திறந்தா கீறல் விடும்."

மத்தியானம் திறந்தோம். மயில்கழுத்து நீலம். ஒன்றில் மட்டும் ஓரத்தில் கீறல், அது நான் தொட்டது.

கரண்ட் பில்லுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. கீறல் விழுந்த சில்லைக் கேட்டு வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் பல் மாதிரிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார்.

சிலிக்காவுக்கு மூலப்பொருளான டிஇஓஎஸ் புட்டியைக் கடன் கொடுத்த பக்கத்து லேப் தோழி (திருப்பித் தருகிறேன், சத்தியமாக), சென்னையில் கருவி நேரத்தை விட்டுக்கொடுத்த சீனியர், பள்ளம் பார்த்து ஓட்டிய ஆட்டோ அண்ணன், சாப்பாடு எடுத்துவைத்த ஹாஸ்டல் அக்கா, ஒன்றுமே கேட்காமல் தினமும் போன் செய்த அப்பா — எல்லாருக்கும் நன்றி.

பல் லேப் அண்ணா பெயர் போட வேண்டாம் என்றுவிட்டார். சரி. ஆனால் ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் உலை வரும் இடத்தில், 'பல் ஆய்வகத்தின் மெழுகு எரிப்பு உலை' என்றுதான் எழுதப்போகிறேன். கைடு அந்த வரியை அடித்துவிட்டாலும் திரும்ப எழுதுவேன்.