தாது உப்பு வாங்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மாட்டுத் தீவனத்தில் சத்துக்காகச் சேர்க்கும் எங்கள் தாது உப்பை ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கி, அடியில் தங்கிய வெள்ளைப் படிவைக் காட்டி, "மணல் கலந்து விற்கிறார்கள்" என்று சொல்லும் வீடியோ பத்து நாட்களாகச் சுற்றுகிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பிக் கேட்டீர்கள். கேட்டதற்கு நன்றி, கேட்காமல் நம்பியவர்களை நினைத்தால்தான் மனம் வலிக்கிறது.

கலவையில் பெரும்பங்கு டைகால்சியம் பாஸ்பேட்டும் (கால்சியமும் பாஸ்பரஸும் தரும் உப்பு) சுண்ணாம்புக்கல் தூளும். இவை தண்ணீரில் கரையாது. யார் கடையில் வாங்கிக் கலக்கினாலும் அடியில் தங்கத்தான் செய்யும். மாட்டின் வயிற்றில் அமிலம் உண்டு, அங்கே கரைந்துவிடும். சந்தேகம் இருந்தால் அந்தப் படிவின்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். சுண்ணாம்புத் தூள் நுரைக்கும், மணல் நுரைக்காது. கடைக்கு வாருங்கள், உங்கள் பையிலிருந்தே எடுத்துச் செய்து காட்டுகிறேன். என் வீட்டு மாடுகளும் இதைத்தான் தின்கின்றன.

"ஒரு பை போட்டும் சினை பிடிக்கவில்லை" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கொழுக்கட்டைப் புல் கோடையில் காய்ந்து நிற்கும்போது அதில் பாஸ்பரஸ் குறைந்துவிடும். வயிறு நிறையும், சத்து சேராது. மாடு கயிற்றைக் கடிப்பதும் எலும்பைச் சவைப்பதும் பெரும்பாலும் அதனால்தான். பெரிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம், தவிட்டில் பிசைந்து, விடாமல் கொடுக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் தொட்டியின் அடிதான் தின்னும். அப்படிக் கொடுத்தும் பருவத்துக்கு வராவிட்டால் குடற்புழு உட்பட வேறு காரணம் இருக்கலாம். கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.

செம்மறிகளுக்கு மாட்டுக் கலவையைக் கொடுக்கவே வேண்டாம். அதிலுள்ள தாமிரம் ஈரலில் சேர்ந்து ஆட்டைக் கொன்றுவிடும். ஆட்டுக்குத் தனிக் கலவை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

பாஸ்பேட் பாறை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவதால் மூலப்பொருள் விலை ஏறிவிட்டது. இருந்தும் பையின் விலையை உயர்த்தவில்லை. அதற்குப் பதிலாக, ஆவணி முதல் பை 900 கிராமாக வரும். 30 கிராம் வீதம் ஒரு மாட்டுக்குச் சரியாக ஒரு மாதம்.

2020 ஊரடங்கில் மாட்டைப் பட்டினி போடக் கூடாது என்று சைக்கிளில் வந்து மூட்டை கட்டிப் போனீர்களே, அந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை. அந்த நம்பிக்கையில்தான் இந்தக் கடை நிற்கிறது. பிரித்த பையாக இருந்தாலும் கொண்டுவாருங்கள், மனம் ஒப்பவில்லையென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்.

நன்றியுடன்,
கடை உரிமையாளர்,
காங்கேயம்